தலைப்பிரசவமும் நாள் முந்திய வலியும்

நமது கிராமங்களில் பெண்ணொருத்தி முதன்முறையாகக் கருவுற்றால் அது அவ்வீட்டாருக்கு மட்டுமன்றித் தெருவுக்கே மகிழ்ச்சி தரும் செய்தியாகும். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்தி, கலவைச் சாதம் கட்டி, தாய்வீட்டார் அழைத்துச் செல்வதும், தலைப்பிரசவம் அங்கேயே நடைபெறுவதும் தொன்றுதொட்டு வரும் வழக்கங்கள். இவ்வேற்பாடுகள் யாவும், குழந்தை குறித்த நாளையொட்டிப் பிறக்கும் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தவை. ஆனால் உலகில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று அவ்வாறு காத்திருப்பதில்லை. வளையல் அடுக்குவதற்கு முன்னரே வலி கண்டுவிட்டால் என் செய்வது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் கருத்துடன் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

பிள்ளைப்பேறு பெண்டிர் விஷயம், அதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 1958-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒன்றியங்கள் பல, சாலை போடுவதையும் கிணறு வெட்டுவதையும் போலவே தாய் சேய் நல விடுதி நடத்துவதையும் தம் கடமையாகக் கொண்டிருந்தன. இன்று அப்பணியைச் சுகாதாரத் துறை ஏற்றுச் செய்கின்றது. ஆயினும் நள்ளிரவில் வலி கண்ட பெண்ணின் வீட்டு வாசலுக்கு வண்டி வந்து சேருமா, சேராதா என்பது இன்னமும் பஞ்சாயத்து போட்ட சாலையையும் பஞ்சாயத்து எரியவிடும் விளக்கையும் பொறுத்தே இருக்கின்றது.

முதலில் நாட்கணக்கைத் தெளிவு செய்துகொள்வோம். பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று நாம் சொல்வது இருபத்தெட்டு நாள் கொண்ட மாதங்கள் பத்து, அதாவது 280 நாட்கள் என்று கொண்டால் மருத்துவர் கணக்கோடு சரியாகப் பொருந்தும். கடைசியாகத் தீட்டான முதல் நாளிலிருந்து எண்ணினால் இது 40 வாரம். 37 வாரம், அதாவது 259 நாட்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையே குறைமாதக் குழந்தை எனப்படும். வீட்டிலுள்ளோர், "இப்போது எட்டு நடக்கிறது" என்று சொல்வர். எட்டு நடக்கிறது என்றால் 31-ஆம் வாரமாகவும் இருக்கலாம், 35-ஆம் வாரமாகவும் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் இடையே சிகிச்சையில் மிகுந்த வேறுபாடு உண்டு. ஆதலால் மாதத்தை விட்டு வாரத்தை எண்ணும் பழக்கம் வேண்டும். தாய் சேய் நல அட்டையில் கடைசித் தீட்டு நாளும், பிரசவத்திற்கு எதிர்பார்க்கும் நாளும் எழுதப்பட்டிருக்கும். அதைப் பெண்ணின் கணவனும் மாமியாரும் ஒருமுறையேனும் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவற்றுள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை, அதாவது சுமார் 30 லட்சம், நம் நாட்டில் பிறந்தவை. ஐந்து வயது நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகளின் மரணத்துக்கு முதற்காரணமாக நிற்பதும் இக்குறைமாதப் பிறப்பினால் விளையும் இடர்களேயாகும். இத்தனைக்கும் இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. நேரத்தோடு ஓரிடத்திற்குச் செல்லுதல்தான் வேண்டும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைப் பற்றிக் கூறாமல் மேற்செல்ல இயலாது. ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் தங்காது என்று நம் பக்கத்துப் பாட்டிமார் கூறுவர். இது நமக்கு மட்டும் உரிய நம்பிக்கையன்று. பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே கருத்து காணப்படுகின்றது. ஆயினும் உண்மை இதற்கு நேர்மாறானது. வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம் சேர்க்கின்றது. எட்டில் பிறந்தது ஏழில் பிறந்ததைவிடப் பிழைக்கும் வாய்ப்பு மிகுதியும் உடையது. இந்நம்பிக்கையால் நேரும் கேடு யாதெனில், எட்டில் வலி கண்டால் வீட்டார் முன்னதாகவே மனம் தளர்ந்துவிடுகின்றனர். தங்காது என்று நினைத்த குழந்தைக்காக யார்தான் விரைந்து ஓடுவர்?

குறைமாதக் குழந்தையை வருத்துவது முக்கியமாக மூச்சுத் திணறலே. நுரையீரலுக்குள் எண்ணற்ற சிறு காற்றறைகள் உள்ளன. ஈரத் துணியின் இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல, ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் அவ்வறைகள் ஒட்டிக்கொள்ள முற்படும். அவ்வாறு ஒட்டாமல் காப்பது நுரையீரலே சுரக்கும் வழவழப்பான ஒரு பொருள். கருவின் கடைசி வாரங்களில்தான் அது போதிய அளவு சுரக்கின்றது. நாள் முந்திப் பிறந்த சிசுவின் நுரையீரலில் இப்பொருள் போதாமையே திணறலுக்குக் காரணம் என்பதை அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரி 1959-இல் கண்டறிந்தார். ஆனால் காரணம் தெரிந்த பின்னும் மருந்து கைக்கு வரவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த ஆண் குழந்தை இரண்டு நாள் கூட நிறைவதற்குள் இதே நோயினால் இறந்தது. உலகின் வல்லரசொன்றின் தலைவருக்கும் அன்று கிட்டாத உதவி, இன்று நம் மாவட்ட மருத்துவமனையில் ஏழை உழவன் வீட்டுக் குழந்தைக்குக் கட்டணமின்றிக் கிட்டுகின்றது.

அவ்வுதவி வந்த வழி ஆடு வளர்ப்போருக்குச் சுவையானதாக இருக்கும். நியூசிலாந்து நாட்டில் லிகின்ஸ் என்னும் மருத்துவர், பிரசவ வலி எதனால் தொடங்குகின்றது என்பதை அறியச் சினையாடுகளை வைத்து ஆராய்ந்து கொண்டிருந்தார். ஸ்டீராய்டு என்னும் ஒருவகைச் சுரப்பு மருந்து செலுத்தப்பட்ட குட்டிகள் மிக முன்னதாகவே பிறந்தன. இறந்தே கிடக்க வேண்டிய அளவுக்கு நாள் குறைந்த குட்டியொன்று மூச்சு விட்டதைக் கண்டு அவர் வியப்புற்றார். அம்மருந்து நுரையீரலை முன்கூட்டியே பக்குவப்படுத்துகின்றது என்பது அதனால் தெளிவாயிற்று. பின்னர் ஹோவி என்னும் குழந்தை மருத்துவருடன் சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்து, அதன் பயனை 1972-இல் வெளியிட்டார். இன்று டெக்ஸாமெத்தசோன் என்னும் விலை மலிந்த ஊசி மருந்து, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை தாய்க்குப் போடப்படுகின்றது. 24-ஆம் வாரத்திலிருந்து 34-ஆம் வாரம் வரையில் வலி கண்டவர்களுக்கு இது உரியது. இதன் முழுப் பயனும் கிட்டக் குழந்தை பிறப்பதற்கு ஒரு நாளாவது முன்பு ஊசி தொடங்கியிருத்தல் வேண்டும். வலியைத் தற்காலிகமாக அடக்கி இரண்டு நாள் அவகாசம் தேடித் தரும் மருந்துகளும் உள்ளன. ஆனால் பேறு நெருங்கிவிட்ட நிலையில் வந்து சேர்ந்தால் இவற்றில் எதுவும் கைகொடுக்காது. வீட்டில் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த இரண்டு நாளிலிருந்தே கழிகின்றது என்று கொள்க.

வலியை அறிவது எப்படி? முதற்கருவுற்ற பெண் இதற்கு முன் வலி கண்டதில்லை. ஆதலால் வாயு என்றும், சூடு என்றும், பகலில் நாற்று நட்ட களைப்பு என்றும் நினைத்துக்கொள்கிறாள். புதிதாக வந்த வீட்டில் மாமியாரிடம் சொல்லக் கூச்சமும் தடையாகின்றது. ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறைக்கு மேல் வயிறு கல்போல் இறுகித் தளருதல், விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி, அடிவயிறு கீழே அழுத்துவதுபோன்ற உணர்வு, நீர் கசிதல், இரத்தம் காணுதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றுள் எது தோன்றினாலும் 37 வாரத்துக்கு முன் அதனைப் பொய்வலி என்று ஒதுக்கலாகாது. சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். சூட்டு வலியானால் அடங்கும், உண்மை வலியானால் வலுக்கும் என்பர். நாள் நிறைந்தவளுக்கு அதனால் பெருந்தீங்கில்லை. நாள் குறைந்தவளுக்கோ கஷாயம் காய்ச்சி, குடித்து, காத்திருக்கும் பொழுதே பெரும் இழப்பாகும். பொய்வலியா, மெய்வலியா என்பதை மருத்துவமனையில் வைத்து அறிந்துகொள்ளட்டும். பொய்வலி என்று திருப்பி அனுப்பப்படுவதில் யாதொரு வெட்கமும் இல்லை.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நேர்ந்ததை இங்குக் கூறுவது பொருந்தும். தாம்பரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் கொத்தனார் ஒருவரின் மனைவி, வயது இருபது, 33-ஆம் வாரத்தில் இருந்தாள். வளைகாப்புக்கு நாள் குறித்து, மதுராந்தகம் பக்கத்திலிருந்து தாய்வீட்டார் வரவேண்டிய நேரம். மாலையில் இடுப்பு வலிக்கிறது என்றாள். மாமியார், "அம்மா வீட்டு ஏக்கம், வேறொன்றுமில்லை" என்று சொல்லி வெந்நீர் ஊற்றினார். தற்செயலாக அவ்வீட்டுக்கு வந்த வார்டு அங்கத்தினரான அம்மையார் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அத்தை, இது ஏக்கமில்லை, அட்டையை எடுங்கள்" என்றார். அன்றிரவு எட்டு மணிக்குள் 108 வண்டியில் பெண் மருத்துவமனை சேர்ந்தாள். வளைகாப்பு முடியாமல் பிள்ளை பெறலாமா என்று மாமியார் வழியெல்லாம் புலம்பினாராம். ஊசிகள் நான்கும் போட்டு முடிந்தபின், மூன்றாம் நாள் விடியலில் 1,700 கிராம் எடையுள்ள பெண் குழந்தை பிறந்தது. மூச்சுக்குச் சிறிது பிராணவாயு மட்டும் தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நாள் வீடு திரும்பினார்கள். வளையலைப் பிறகு குழந்தையோடு சேர்த்தே அடுக்கிக்கொண்டார்கள் என்று கேள்வி.

இனி எங்குச் செல்வது என்பது. பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ கிராம சுகாதார செவிலியருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். செல்லும் வழிக்கு முன்பே முதல் ஊசியைப் போட்டு அனுப்பச் செவிலியருக்கு 2014-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல் இடமளித்துள்ளது. ஆனால் பேறு நடக்கவேண்டிய இடம், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையாக இருத்தல் வேண்டும். நம் பகுதியினருக்கு வடக்கே எழும்பூரில் 1844-இல் தொடங்கிய அரசு தாய் சேய் மருத்துவமனையும், தெற்கே செங்கற்பட்டில் 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனையும் இருக்கின்றன. தாம்பரத்திலிருந்து முன்னது சுமார் 25 கிலோமீட்டர், பின்னது சுமார் 30 கிலோமீட்டர். எங்கே கொண்டுசெல்வது என்பதை 108 வண்டியில் வரும் பணியாளர் கேட்டறிந்து முடிவு செய்வர். அருகில் இருக்கிறதே என்று சிறிய விடுதியொன்றில் பிரசவத்தை முடித்துக்கொண்டு, திணறும் சிசுவைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடுவது மிகத் தவறான முறை. சிசுவைக் கொண்டுசெல்லத் தாயின் வயிற்றைவிட நல்ல வண்டி இன்னும் செய்யப்படவில்லை.

தாய்வீட்டுக்குப் போகும் வழக்கத்தினால் ஒரு தொல்லை உண்டு. பெண் பதிவு செய்துகொண்டது மேடவாக்கத்திலாக இருக்கும். வலி காண்பது மதுராந்தகத்திலோ திண்டிவனத்திலோ ஆகும். இங்குள்ள செவிலியர் அவள் போய்விட்டாள் என்று நினைப்பார். அங்குள்ள செவிலியருக்கு அவள் வந்ததே தெரியாது. பெரும்பாக்கம், ஒட்டியம்பாக்கம் முதலிய ஊர்களில் கட்டட வேலைக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கும் குடும்பங்களின் நிலை இதனினும் கடினம். அவர்களுக்கு இங்குத் தாயுமில்லை, மாமியாருமில்லை. கர்ப்பிணிகளுக்கு வழங்கும் பிக்மி எண் மாநிலம் முழுமைக்கும் செல்லும். பெண் ஊர் மாறும்போது அவ்வெண்ணையும் அட்டையையும் கையோடு எடுத்துச் சென்று, போன ஊரில் முதல் வாரத்திலேயே செவிலியரிடம் காட்ட வேண்டும். சீர்வரிசைத் தட்டுகளில் பழத்தை மறந்தாலும் அட்டையை மறக்கலாகாது. அங்கன்வாடிகளில் நடைபெறும் சமுதாய வளைகாப்பின்போது இதனை எடுத்துச் சொல்வது நலம்.

வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டால் அஞ்சி ஓடவேண்டியதில்லை. உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத் துணியை நீக்கி, தலைக்குக் குல்லாய் இட்டு, தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி கிடத்தி, மேலே போர்த்திவிட வேண்டும். குளிப்பாட்டுதல் கூடாது. இங்ஙனம் மார்பில் அணைத்துக் காக்கும் முறைக்குக் கங்காரு முறை என்று பெயர். 1978-இல் தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோடா நகரில், குழந்தைகளை வைக்க வெப்பப் பெட்டிகள் போதாத ஒரு மருத்துவமனையில் டாக்டர் எட்கர் ரே இதனைத் தொடங்கினார். வெப்பப் பெட்டியோ பாரிஸ் நகரத்து டார்னியே என்னும் மருத்துவர், கோழிமுட்டை பொரிக்கும் பெட்டியைக் கண்டு 1880-ஐ ஒட்டி அமைத்தது. பெட்டி இல்லாமையால் வந்த முறை பெட்டியையே வென்றுவிட்டது எனலாம். இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்து 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்கினால் எடை குறைந்த சிசுக்களின் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைவது தெரியவந்தது. தாய் ஓய்வெடுக்கும்போது தந்தையும் பாட்டியும் அணைத்துக்கொள்ளலாம். சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்க ஆண்பிள்ளைகள் முதலில் நாணுகின்றனர். இரண்டாம் நாள் இறக்கிவிட மறுக்கின்றனர்.

உணவு தாய்ப்பால் ஒன்றே. சேனை வைப்பது, தேன் தடவுவது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, உரைமருந்து கொடுப்பது ஆகியவை நாள் நிறைந்த குழந்தைக்கே தகாதவை; குறைமாதக் குழந்தைக்கு நஞ்சாகவே முடியக்கூடும். தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்கில் பால் விற்போர் இன்றும் நம் புறநகர்களில் வருகின்றனர். அவர்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். உறிஞ்சிக் குடிக்கச் சக்தியற்ற குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் கொடுக்கச் செவிலியர் கற்றுத் தருவர்.

நாள் முந்தி வலி ஏன் காண்கின்றது என்று கேட்டால், பல வேளைகளில் மருத்துவராலும் காரணம் கூற முடிவதில்லை. சிறுநீர்த் தாரையில் நோய்க்கிருமி, இரத்தசோகை, இரட்டைக் கரு, மிக இளம் வயது, புகையிலைப் பழக்கம் ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். முதற்கருவில் இரத்தக் கொதிப்பு தோன்றுவது பின்வரும் கருக்களைவிட அதிகம். கடுந்தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல் இதன் அறிகுறிகள். சிற்சில வேளைகளில் தாயைக் காக்க மருத்துவர்களே நாள் முந்திப் பேறு நிகழ்த்த வேண்டி வரும். மாதந்தோறும் சிறுநீரும் இரத்தமும் சோதித்துக் கொள்வதும், இரும்புச் சத்து மாத்திரைகளைத் தவறாது உண்பதும் இவற்றுட் பலவற்றை முன்னரே காட்டிக் கொடுக்கும். பப்பாளி தின்றாள், கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று பெண்ணைப் பழிப்பதால் ஒரு பயனும் விளையாது. பழிச்சொல்லுக்கு அஞ்சியே வலியை மறைக்கும் பெண்கள் இருக்கின்றனர்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவற்றுள் முதலாவது, மிக எளியது. ஆயினும் யாரும் செய்யாதது. நம் பகுதியில் வயல்கள் மனைகளாகி, ஒவ்வோர் ஊரிலும் ஒரு பாலாஜி நகரும் ஒரு லட்சுமி நகரும் தோன்றிவிட்டன. குறுக்குத் தெருக்களுக்குப் பலகை இல்லை. கதவிலக்கம் வரிசையில் இல்லை. 108 வண்டி ஓட்டுநர் இரவில் மூன்று லட்சுமி நகர்களைச் சுற்றிவிட்டு நான்காவதற்கு வருகின்றார். தெருமுனைப் பலகை ஒன்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. அடுத்து, இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் பேறு எதிர்பார்க்கும் பெண்களின் பட்டியலைச் செவிலியரோடு கலந்து வார்டு வாரியாக அறிந்துவைத்தல். பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடலாகாது. அங்கத்தினர் நெஞ்சில் இருந்தால் போதும்.

மழைக்காலத்தில் இப்பட்டியலின் அருமை விளங்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரை கடந்து முடிச்சூரும் அடுத்துள்ள வரதராஜபுரமும் நீரில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் வெள்ளம் சூழ்ந்த ஒரு வீட்டின் மாடியிலிருந்து நிறைகர்ப்பிணி ஒருவரை விமானப்படையின் ஹெலிகாப்டர் தூக்கி எடுத்துத் தாம்பரம் விமானத் தளத்தில் இறக்கியது. இரண்டு நாளில் அவர் மருத்துவமனையில் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றார். நாடே அச்செய்தியைக் கண்டு மகிழ்ந்தது. நாமும் மகிழ்ந்தோம், ஆனால் எல்லா வீட்டு மாடிக்கும் ஹெலிகாப்டர் வாராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாழ்ந்த தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை, 28 வாரம் கடந்த கர்ப்பிணிகள் தாழ்ந்த பகுதியில் இருந்தால், மழை எச்சரிக்கை வந்த அன்றே மேட்டுப் பகுதியிலுள்ள உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கருகிலோ அனுப்பிவிட ஏற்பாடு செய்தல் வேண்டும். குறித்த நாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று விட்டுவிடலாகாது.

வீடு திரும்பிய குழந்தையைப் பற்றியும் சில சொல்லவேண்டும். 34 வாரத்துக்குக் குறைவாகவோ 2 கிலோவுக்குக் குறைந்த எடையுடனோ பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முறை தவறி வளர்ந்து பார்வையைக் கெடுக்கக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே தோன்றும். பிறந்த 30 நாட்களுக்குள் கண் மருத்துவர் ஒருமுறை சோதித்துவிட்டால் தக்க சிகிச்சையால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். மிக முந்திப் பிறந்தவற்றிற்கு இதனினும் முன்னதாகச் சோதனை தேவை. காதும் அவ்வாறே சோதிக்கப்பட வேண்டும். தடுப்பூசிகளைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டுப் போட வேண்டும். தலை நிமிர்வதும், குப்புற விழுவதும், உட்காருவதும் மட்டும் பிறக்க வேண்டியிருந்த நாளிலிருந்து எண்ணிப் பார்க்கத் தக்கவை. இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தை அடுத்த வீட்டுக் குழந்தையைவிட இரண்டு மாதம் பிந்தித் தவழ்ந்தால் வீட்டார் கவலையுற வேண்டியதில்லை. அதற்கும் மேல் தாமதமானால் சுகாதார நிலையத்தில் காட்டி, செங்கற்பட்டிலோ எழும்பூரிலோ உள்ள குழந்தை மருத்துவரிடம் அனுப்பக் கேட்டுக்கொள்ளலாம்.